கடலடிச் சேறும் நம்மூர்க் கால்வாயும்

(வேப்பம்பட்டில் நடந்த ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய சொற்பொழிவு)



வளர்ச்சி அலுவலர் வருகிறார் என்றால் சாலையைப் பற்றியோ, குடிநீர்க் குழாயைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாம் கடலின் அடியில், சேற்றிலும் மணலிலும் வாழும் சின்னஞ்சிறு பிராணிகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். கடல் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் அடியில் ஊரும் புழுவுக்கும் வேப்பம்பட்டுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. அந்த உறவின் பெயர் தண்ணீர்.

நம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் கலங்கலில் வழியும் நீர் எங்கே போகிறது? ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து ஓடைக்குப் போகிறது. முடிவில் கூவத்திலோ கொசஸ்தலையாற்றிலோ சேருகிறது. கூவம் சென்னை நகரின் நடுவே ஓடி, நேப்பியர் பாலத்தின் அருகே கடலை அடைகிறது. கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. மேட்டிலுள்ளவன் வாய்க்காலில் செய்வதைக் கடைமடைக்காரன் அறிவான் என்பது உழவர்கள் கண்ட உண்மை. நமக்கெல்லாம் கடைமடை கடல்தான்.

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இத்தகைய கழிமுகத்திலேதான் நம் நாட்டின் சிறந்த கடல் விஞ்ஞானி ஒருவர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் டாக்டர் என். கேசவ பணிக்கர். 1913ஆம் ஆண்டு கோட்டயத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பேராசிரியர் ஆர். கோபால ஐயரிடம் பயின்றார். பெரிய கப்பலோ, விலை உயர்ந்த கருவிகளோ இல்லாத காலம் அது. ஆசிரியரும் மாணவரும் சென்னையின் உவர்நீர்ப் பகுதிகளில் இறங்கி, சேற்றில் வாழும் புழு, நத்தை, சிப்பி, நண்டு முதலியவற்றைச் சேகரித்து, எந்தப் பருவத்தில் எது வாழ்கிறது, எது மறைகிறது என்று குறித்துவந்தனர்.

அடையாற்றின் முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்துக்கொண்டால் உள்ளே தேங்கும் நீரின் தன்மை மாறுகிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் உப்பு வெகுவாகக் குறைகிறது. இந்த மாற்றங்களைத் தாங்கக்கூடிய உயிர்கள் நிலைக்கின்றன. தாங்க இயலாதவை மடிகின்றன. சென்னையின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றி இருவரும் சேர்ந்து 1937இல் வெளியிட்ட கட்டுரை, பின்வந்த ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு பழைய கணக்குப் புத்தகம் போல் பயன்படுகிறது. முன்பு என்ன இருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தானே, எதை இழந்தோம் என்று இன்று சொல்ல முடியும்? அதே ஆண்டில், கடல் சாமந்தி எனப்படும் பூப்போன்ற பிராணிகளில் ஒரு புதிய வகையையும் பணிக்கர் உலகுக்கு அறிமுகம் செய்தார். அதற்குத் தம் ஆசிரியரின் பெயரையே சூட்டினார். சேற்றில் கிடக்கும் ஒரு சிறு பிராணியின் பெயரில் குருபக்தி இன்றும் நிலைத்திருக்கிறது.

பின்னர் அவர் இங்கிலாந்து சென்று பிளிமத் நகரில் இறால்களை ஆராய்ந்தார். உப்பு மிகுந்த நீரில் தன் இரத்தத்தின் உப்பை மட்டுப்படுத்தியும், உப்பு குறைந்த நீரில் அதை இழக்காமல் காத்தும் இறால் எப்படி உயிர் வாழ்கிறது என்பதைச் சோதனைகளால் விளக்கினார். அந்தக் கட்டுரை 1941இல் வெளிவந்தது. இது வெறும் ஏட்டறிவு அன்று. நம் கடற்கரையின் இறால் வகைகள் பலவும் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகின்றன. கழிமுகம் கெட்டால் கடலில் வலை வீசுபவரின் வலையும் காலியாகும்.

தாயகம் திரும்பிய பணிக்கர், 1950களில் மண்டபத்திலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். அதன்பின் பல நாடுகள் சேர்ந்து இந்துமாக் கடலை ஆராய்ந்த பெரும்பணியில் இந்தியாவின் பங்கை நடத்தினார். 1965 வரை நடந்த அந்தப் பணியில் நம் கடற்படைக் கப்பல் ‘கிஸ்ட்னா’வும் பங்கு கொண்டது. அதன் பயனாக 1966இல் தேசியக் கடலாய்வு நிறுவனம் தோன்றியது. அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் சென்னைச் சேற்றில் புழுவைத் தேடிய அதே மனிதர். 1977இல் அவர் காலமானார்.

நிற்க. இந்தச் சிறு பிராணிகளை ஏன் இத்தனை பாடுபட்டு ஆராய வேண்டும்? உழவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு பிடி மண்ணைக் கிளறி மண்புழு இருக்கிறதா என்று பார்த்தால், நிலம் உயிரோடிருக்கிறதா என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். கடலடிச் சேறும் அப்படியே. மீன் நீந்தி ஓடிவிடும். சேற்றில் வாழும் புழு ஓடாது. நல்லதையும் கெட்டதையும் இருந்த இடத்திலேயே அனுபவிக்கும். சாக்கடை மிகுதியாகக் கலந்தால் அழுக்கு மக்கும்போது நீரிலுள்ள பிராணவாயு செலவாகிவிடுகிறது. சேறு கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசுகிறது. பலவகை உயிர்கள் மறைந்து, அழுக்கைத் தாங்கும் ஓரிரு புழு வகைகள் மட்டும் ஏராளமாகப் பெருகுகின்றன. ஆகையால் எத்தனை உயிர் என்பதைவிட, எத்தனை வகை என்பதையே விஞ்ஞானிகள் எண்ணுகிறார்கள்.

இவற்றினும் சிறியது ‘போராமினிபெரா’ என்னும் ஓரணு உயிர். அவற்றுள் பெரும்பாலானவை மணலளவே இருப்பவை. பல வகைகள் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்பவை. உயிர் போனபின்னும் ஓடு சேற்றில் தங்குகிறது. ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகப் படிகிறது. அந்த ஓட்டிலுள்ள பிராணவாயுவின் வகைகளை அளந்து, பல லட்சம் ஆண்டுகளில் கடல் எப்போது குளிர்ந்தது, எப்போது சூடாயிற்று என்று 1955இல் எமிலியானி என்னும் விஞ்ஞானி காட்டினார். பணிக்கர் தொடங்கிய நிறுவனத்திலும் இந்த ஆராய்ச்சி தழைத்தது. குஜராத்தில் லோத்தல் என்னும் ஹரப்பா காலத்து ஊரில் ஒரு பெரிய செங்கல் தொட்டி உண்டு. அது கப்பல் துறையா, பாசனக் குளமா என்று அறிஞர்கள் வழக்காடினர். அங்குள்ள படிவில் இந்தக் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் இருப்பதை அந்நிறுவனத்து ஆய்வாளர் ராஜீவ் நிகம் 1988இல் எடுத்துக்காட்டினார். கடல் நீர் அங்கே வந்து சென்றது என்பதற்கு, கண்ணுக்குத் தெரியாத ஓடு சாட்சி சொல்லியது!

அந்தச் சாட்சிகளுக்கே இன்று ஆபத்து வந்திருக்கிறது. நாம் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் எழும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உட்கொள்கிறது. பூமியில் மிகுந்துவரும் வெப்பத்தில் ஏறத்தாழ 90 சதவிகிதம் கடலிலேயே சேருகிறது. ஆலைத்தொழில் பெருகுவதற்கு முன்னிருந்ததைவிடக் கடல் நீரின் அமிலத்தன்மை சுமார் 30 சதவிகிதம் கூடியிருக்கிறது. அமிலம் கூடினால் சுண்ணாம்பு ஓடு கட்டுவது கடினமாகிறது. கடல் சூடேறினால் பவளம் வெளுக்கிறது. நம் மன்னார் வளைகுடாவில் 1998இலும் 2016இலும் பவளப் பாறைகள் அவ்வாறு வெளுத்தன. அவ்வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. சூட்டுக்கு முன்பே, கட்டடச் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்த மனிதன் கையும் அதற்குக் காரணம்.

இவை நமக்கு எட்டாத பெரிய காரியங்கள் என்று சோர்ந்துவிடலாகாது. எட்டக்கூடியதைச் செய்யாமல் விட்ட கதை ஒன்றும் எம்மிடம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் எம் பொறுப்பில் கழிவுநீர்க் கால்வாய் ஒன்று கட்டினோம். தெருவில் தேங்கிய நீர் வடிந்தது; கொசு குறைந்தது; படம் எடுத்து அறிக்கையும் அனுப்பினோம். கால்வாயின் கடைசி முனை எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்டுக்கொள்ளவில்லை. மறு கோடையில் ஏரியின் ஒரு மூலை கறுத்து நாறியது. ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் எம்மை நிறுத்தி, “எங்க தெரு நாத்தத்தைத் தூக்கி ஏரியில வச்சிட்டீங்களே, ஐயா!” என்றார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அல்லர். ஆனால் பணிக்கர் கற்பித்த பாடத்தை அவரே எமக்குக் கற்பித்தார். பின்னர் வீடுதோறும் உறிஞ்சு குழியும், கால்வாயின் முடிவில் வடிகட்டும் தொட்டியும் அமைத்தோம். பிழையைத் திருத்துவதற்கு, பிழையைச் செய்ததைவிட அதிகக் காலம் பிடித்தது.

நாம் கடலுக்கு அனுப்புவது மட்டும் அன்று. கடலும் நம்மை நோக்கி வருகிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் கடல் நீர் நிலத்தின் அடியில் புகுந்து, கிணறுகள் உவர்ந்துபோனதை நீங்கள் அறிவீர்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, படகும் வலையும் கறுத்த மீனவர்களின் துயரையும் கண்டோம். அவர்கள் நம் கடைமடைக்காரர்கள்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: ஒவ்வொரு வீட்டின் சமையற்கட்டு நீரும் குளியல் நீரும் அந்த வீட்டின் உறிஞ்சு குழியிலோ, வாழை முருங்கைப் பாத்தியிலோ முடியட்டும். இரண்டு: மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள், பிளாஸ்டிக் பை ஒன்றுகூடக் கால்வாயில் விழ வேண்டாம். மூன்று: பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியரோடு மாதம் ஒருமுறை ஏரிக்கரைக்கு அனுப்புங்கள். நீரின் நிறம், நாற்றம், அங்கே காணும் நத்தை, புழு, தவளை, தட்டான் இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர்கள் குறிக்கட்டும். 1937இல் எழுதிய குறிப்பு இன்று பயன்படுவது போல, இன்று நம் பிள்ளைகள் எழுதுவது நாளை பயன்படும்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22இல் கிராம சபை கூடும். “எங்கள் ஊர்க் கால்வாயின் கடைசி முனை எங்கே?” என்ற கேள்வியை அங்கே எழுப்புங்கள். விடை சொல்ல நாமும் வந்து அமர்கிறோம். கேட்பதற்கு ஊரும், விடை சொல்வதற்கு அலுவலரும் ஆயத்தமாயிருந்தால், கடலடியில் ஒரு சிறு புழுவும் பிழைக்கும். நம் பிள்ளைகளின் கிணறும் இனிக்கும்.