உச்சக் கடினநிலையில் எதை எதிர்பார்க்கலாம்?



ஒரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்று, அவருடைய வலிமையையும் திறமையையும் சிறுகச் சிறுக வளர்த்தபடி நெடுங்கதை ஒன்றைக் கடந்து செல்லும் வீடியோ விளையாட்டு, ரோல் பிளேயிங் கேம் எனப்படும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வேலை முடிந்து வீடு திரும்பும் இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் இரவில் ஓரிரு மணி நேரம் ஒதுக்கி ஆடும் இத்தகைய ஆட்டங்களில், எளிது, இயல்பு, கடினம் எனக் கடினநிலையை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம். அவற்றுள் உச்ச நிலையை நாடுபவர், எதிரி வலுத்திருப்பான் என்று மட்டும் எண்ணிப் புகுந்தால் போதாது. கடுமை எந்த வழியில் கூட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

முதல் வழி, எண்களைப் பெருக்குவது. 2011இல் வெளிவந்த ஸ்கைரிம் ஆட்டத்தில் 2013இல் சேர்க்கப்பட்ட ‘லெஜண்டரி’ நிலையில், இயல்பு நிலையோடு ஒப்பிட, ஆடுபவர் கொடுக்கும் அடி கால் பங்காகக் குறைகிறது. வாங்கும் அடி மும்மடங்காகிறது. 4 வெட்டில் சாயும் எதிரி 16 வெட்டு வரை நிற்பான். அவ்வளவு நேரமும் அவன் அதே வேகத்தில் திருப்பித் தாக்கினால், ஒரே சண்டையில் தாங்க வேண்டிய மொத்தச் சேதம் 12 மடங்காகிவிடும். ஆகவே நேருக்கு நேர் நின்று வாள் வீசுவதைக் காட்டிலும், மறைந்து தாக்குவதும் துணைவரை முன்னிறுத்துவதும் அங்கே கைகொடுக்கும்.

இரண்டாம் வழி, விதியை மாற்றுவது. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015இல் வெளியிட்ட விட்சர் 3 ஆட்டத்தில், எளிய நிலைகளில் தியானத்தில் அமர்ந்தாலே ஆறிவிடும் காயம், ‘டெத் மார்ச்’ எனும் உச்ச நிலையில் ஆறுவதில்லை. அதனால் உணவும் மருந்தும் கையிருப்பில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், அரக்க இனத்துக்கேற்ற எண்ணெயை மூலிகைகளிலிருந்து காய்ச்சி வாளில் பூசிக்கொள்வதும் சண்டைக்கு முன்பே முடிய வேண்டிய வேலைகளாகின்றன.

மூன்றாம் வழி, திருத்தும் வாய்ப்பையே எடுத்துவிடுவது. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனத்தின் பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தில் 2023 நவம்பர் இறுதியில் சேர்க்கப்பட்ட ‘ஹானர் மோட்’, ஆட்ட நிலையைச் சேமித்துவைக்கும் சேவ் பதிவு ஒன்றை மட்டும் அனுமதிக்கிறது. குழு முழுவதும் மாண்டால் அந்த முயற்சி அத்துடன் முடிந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தில் ஒருமுறை சீவிய இரும்பை மீண்டும் ஒட்டவைக்க முடியாததுபோல, எடுத்த முடிவை இங்கே திரும்பப் பெற இயலாது. மாறி மாறி முறைவைத்துச் சண்டையிடும் இந்த ஆட்டத்தில், பாஸ் எனப்படும் தலைமை எதிரிகள் பலர், தங்கள் முறை வராதபோதும் செயல்படும் கூடுதல் ஆற்றலோடு வருவதால், குழுவை ஓரிடத்தில் குவிக்காமல் பரப்பி நிறுத்துவதும், தோல்வி நெருங்கினால் ஒருவரையாவது தப்பவைப்பதும் இன்றியமையாதவை.

எனவே, ஒரு முறை இயல்பு நிலையில் கதையை முடித்த பின்னரே உச்ச நிலையில் இறங்குவது நன்று. ஸ்கைரிம், விட்சர் 3 இரண்டிலும் நடுவழியில் கடினநிலையைக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. அப்படிக் குறைப்பது இழுக்காகாது. விரலின் வேகத்தைவிட முன்னேற்பாடும் பொறுமையும் அதிகம் பயன்படும் களம் இது. எளிய நிலையில் ஒருவர் தொடாமலே கடந்துவிடும் எண்ணெயையும் மருந்தையும் தந்திரங்களையும் எல்லாம் கற்றுப் பயன்படுத்தவைத்து, அந்த ஆட்டத்தை முழுமையாக அறியச்செய்வதே உச்சக் கடினநிலையின் உண்மையான பயன்.