கோப்பு எங்கே தேங்குகிறது?

ஊரைவிட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் முன்பெல்லாம் டிரங்குப் பெட்டி ஒன்று தவறாமல் இருக்கும். கலியாணப் புகைப்படங்கள், ஜாதகங்கள், பத்திரங்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள் யாவும் அதற்குள் அடங்கியிருக்கும். அதன் இடத்தை இந்நாளில் வேறொரு பெட்டி பிடித்துக்கொண்டு வருகிறது. ஒன்றிரண்டு ஹார்டு டிஸ்குகளை உள்ளே கொண்டு, வீட்டு ரௌட்டரோடு இணைக்கப்பட்டு, வீட்டிலுள்ள கணினிகளும் கைப்பேசிகளும் பொதுவாகப் பயன்படுத்தும்படி அமைந்த சேமிப்புப் பெட்டி அது. கடைக்காரர்கள் அதனை 'நாஸ்' என்பர். வாங்கியவர்களில் அநேகர் கூறும் குறை ஒன்றே: "பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கோப்புகள் அதற்குள் போய்ச் சேருவதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது." இத்தாமதம் எங்கே உண்டாகிறது, அதைக் கண்டறிவது எங்ஙனம் என்பதை இன்று ஆராய்வோம்.

இஃது அற்ப விஷயம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. தில்லியில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தார், கும்பகோணத்தில் இருந்த தம் பூர்வீக வீட்டை விற்பதற்கு முன், அதன் திண்ணையையும் முற்றத்தையும் ஊஞ்சல் கூடத்தையும் படம் எடுத்து வந்தனர். வாங்கியவர் வீட்டை இடித்துவிட்டார். படங்கள் மடிக்கணினியில் இருந்தன; மற்றப் படங்களோடு சேர்த்து 200 ஜிகாபைட்டு. அவற்றைச் சேமிப்புப் பெட்டிக்கு மாற்ற முற்பட்டபோதெல்லாம், 'இன்னும் 18 மணி நேரம்' என்று திரை அறிவிக்கும். "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று நிறுத்திவிடுவர். அவ்வாறு பல ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. ஒரு கோடையில் மடிக்கணினியின் டிஸ்க் பழுதுற்றது. பழுது பார்ப்போர் பெரும்பகுதியை மீட்டுத் தந்தனர். ஊஞ்சல் கூடத்துப் படங்கள் மட்டும் திரும்பி வரவில்லை. வேறு பிரதியும் இல்லை; திரும்ப எடுப்பதற்கு வீடும் இல்லை. அதன் பிறகே அவ்வீட்டார் தாமதத்தின் காரணத்தைத் தேட முனைந்தனர்.

அலுவலகக் கோப்புக்கும் கணினிக் கோப்புக்கும் தமிழில் ஒரே சொல்லை வழங்குகிறோம். அது நல்ல பொருத்தந்தான். சர்க்கார் அலுவலகத்தில் ஒரு கோப்பு ஐந்தாறு மேசைகளைக் கடந்து செல்கிறது. நான்கு மேசைகளில் அரை மணி நேரமும், ஒரு மேசையில் மட்டும் ஒரு வாரமும் கிடக்குமாயின், மற்ற நால்வரையும் விரைவுபடுத்துவதால் யாது பயன்? கணினிக் கோப்பும் பல மேசைகளைக் கடக்கிறது. மடிக்கணினியின் டிஸ்க், அங்கிருந்து வைஃபை அல்லது கம்பி, பிறகு ரௌட்டர், மறுபடியும் ஒரு கம்பி, சேமிப்புப் பெட்டியின் செயலி, ஈற்றில் அதன் டிஸ்க். இவற்றுள் மிக மெதுவானது எதுவோ, அதன் வேகமே முழுப் பயணத்தின் வேகமாகும்.

அக்குடும்பத்தார் முதலில் செய்தது, எல்லோரும் செய்வதையே. இணையச் சேவைக்கு மாதந்தோறும் கட்டும் தொகையை உயர்த்தி, 100 மெகாபிட் திட்டத்திலிருந்து 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறினர். படியெடுக்கும் வேகம் எள்ளளவும் கூடவில்லை. எவ்வாறு கூடும்? படுக்கையறையிலிருந்து கூடத்துக்குச் செல்லும் கோப்பு வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. கூடத்துக்கு நடந்து செல்பவருக்கு, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் சென்னைக்கு எத்தனை மணி நேரத்தில் போனால் என்ன? இணைய நிறுவனத்தாரைத் தொலைபேசியில் கடிந்துகொள்வதும் இவ்விஷயத்தில் வீண்.

அடுத்து, அளவைகளைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கம்பியின் வேகத்தையும் வைஃபையின் வேகத்தையும் மெகாபிட்டில் சொல்கிறார்கள்; கோப்பின் பருமனை மெகாபைட்டில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் இவ்விரண்டையும் ஒரே எழுத்தால் குறித்து, சிறிய எழுத்தானால் பிட், பெரிய எழுத்தானால் பைட்டு என்று வைத்திருக்கின்றனர். சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்னும் பேதமே இல்லாத தமிழில், சொல்லை முழுமையாக எழுதியே தீரவேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்போருக்கு இதனால் எழுத்து மிகுதி. ஆனால் படிப்போருக்கு மயக்கம் இல்லை.

ஆகவே 100 மெகாபிட் கம்பி ஏட்டளவில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டு கொண்டு செல்லும். நடைமுறையில் ஏறக்குறைய 11. ஆயிரம் மெகாபிட் கம்பி, அதாவது ஜிகாபிட் கம்பி, நடைமுறையில் ஏறக்குறைய 110. மேற்சொன்ன 200 ஜிகாபைட்டு, விநாடிக்கு 3 மெகாபைட்டு வேகத்தில் சென்றால் பதினெட்டரை மணி நேரமாகும்; 11 வேகத்தில் 5 மணி நேரம்; 110 வேகத்தில் அரை மணி நேரம். இந்த எண்களை நினைவில் வைத்திருந்தால், நாடி பார்க்கும் வைத்தியர்போல் நோயின் இடத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இனிச் சோதனைக்கு வருவோம். இரண்டு மூன்று ஜிகாபைட்டு கொண்ட ஒரே பெரிய கோப்பை, ஒரு திரைப்படத்தையோ கலியாண வீடியோவையோ, எடுத்துக்கொள்க. அதைப் பெட்டிக்குப் படியெடுத்து, வேகம் எங்கே நிலைபெறுகிறது என்று பார்க்க வேண்டும். முதற் சில விநாடிகளின் வேகத்தை நம்பலாகாது. அப்பொழுது கோப்பு கணினியின் தற்காலிக நினைவகத்தில் விழுகிறதேயன்றி, டிஸ்கைச் சென்றடைவதில்லை. பின்னர் மடிக்கணினியை ரௌட்டரின் அருகே எடுத்துச் சென்று, வைஃபையை அணைத்து, கம்பியால் இணைத்து, அதே கோப்பை மறுபடி அனுப்புக. வேகம் தாவி ஏறினால், குற்றம் வைஃபையினுடையது.

அவ்வீட்டில் 3 என்பது 11 ஆயிற்று. மடிக்கணினி இருந்த பின்னறைக்கும் ரௌட்டருக்கும் இடையே மூன்று செங்கற்சுவர்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைந்திருந்தது. இவ்வரிசை சுவர்களை ஓரளவு ஊடுருவும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றே உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு அனைத்தும் அம்மூன்றிலேயே நெருக்கியடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கந்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசலும் குறைவு. சுவரைக் கண்டால்தான் சோர்ந்துவிடும். மடிக்கணினியும் சேமிப்புப் பெட்டியும் ஆகிய இரண்டுமே வைஃபையில் இருக்குமாயின், ஒவ்வொரு துளியும் ஒரே காற்றில் இருமுறை பயணம் செய்கிறது, வேகம் பாதியாகும். பெட்டியையாவது கம்பியில் வைப்பதே முறை.

11 வந்துவிட்டதென்று அவர்கள் மகிழ்ந்தனர். நாம் மகிழ இடமில்லை. 11 என்பது ஒரு சுவரில் முட்டி நிற்கும் எண். எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது என்பது அதன் பொருள். லேன் கம்பிக்குள் 8 மெல்லிய கம்பிகள் உள்ளன. ஜிகாபிட் இணைப்புக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தால் சாதனங்கள் முறையிடுவதில்லை. தமக்குள் பேசிக்கொண்டு, சந்தடியின்றிக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன. அவ்வீட்டில் ரௌட்டரிலிருந்து பெட்டிக்குச் சென்ற கம்பி அலமாரிக் கதவின் இடுக்கில் நசுங்கியிருந்தது. கேட் 5இ என்னும் வகைக் கம்பி ஒன்றை மாற்றியதும் 110 வந்தது. கம்பி நன்றாயிருந்தும் 11லேயே நின்றால், ரௌட்டரின் துளைகள் 100 மெகாபிட்டுக்கே செய்யப்பட்டவையா என்று பார்க்க வேண்டும்; மலிவான ரௌட்டர்கள் பல அத்தகையன. அங்ஙனமாயின் ரௌட்டரையே மாற்ற வேண்டியதில்லை. சிறிய ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, கணினியையும் பெட்டியையும் அதில் செருகினால் போதும். கணினியின் வலையமைப்பு அமைப்புகளில் இணைப்பு வேகம் 100 என்றோ 1000 என்றோ எழுதியிருக்கும்.

பெரிய கோப்பு 110இல் பறந்தது. ஆனால் முப்பதாயிரம் படங்களை அனுப்பத் தொடங்கியதும் வேகம் மீண்டும் சரிந்தது. இது பழுதன்று. ஒவ்வொரு படத்துக்கும் பெயர் பதிவு செய்து, திறந்து, எழுதி, மூட வேண்டும். அலுவலகத்தில் ஒரு மூட்டையை ஒரே ரசீதில் அனுப்புவதற்கும், முப்பதாயிரம் உறைகளைத் தனித்தனியே பதிவேட்டில் ஏற்றி அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடே இது. பழைய படங்களை ஆண்டுவாரியாக ஜிப் கோப்புகளாகக் கட்டி அனுப்பலாம். விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி என்னும் கட்டளையைக்கொண்டு ஒரே நேரத்தில் பல கோப்புகளையும் அனுப்பலாம்.

பெட்டியின் குற்றமும் உண்டு. ரௌட்டரின் பின்புறம் டிஸ்கைச் செருகி அதையே பொதுச் சேமிப்பாக வைத்திருப்போர் பலர். அத்துளை யூ.எஸ்.பி. 2.0 ஆனால் விநாடிக்கு 30, 40 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. ரௌட்டரின் எளிய செயலி அதையும் குறைக்கக்கூடும். 2024இல் வெளிவந்த விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு, வலையமைப்பில் செல்லும் ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பச் சரிபார்ப்பை இயல்பாகவே கோருகிறது. திறன் குறைந்த பழைய பெட்டிகள் இதனால் திணறும். பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு அது. வேகத்துக்காக அதனை நீக்குவது தகாது என்பது நம் கருத்து. எஸ்.எம்.ஆர். என்னும் வகை டிஸ்குகளில் எழுத்துத் தடங்கள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. கீழோட்டை மாற்ற மேலோட்டையும் தூக்க வேண்டுமன்றோ? ஆதலால் நெடுநேரம் தொடர்ந்து எழுதினால் அவை தளர்ந்துவிடும். வாங்கும்முன் இவ்வகையா என்று கேட்டு, இல்லை என்று உறுதி செய்துகொள்வது நலம்.

குற்றம் பாதையினுடையதா டிஸ்கினுடையதா என்ற சந்தேகம் நீங்காதவர்கள், ஐபெர்ஃப் என்னும் இலவச நிரலை இரு முனைகளிலும் ஓட்டலாம். அது டிஸ்கைத் தொடாமல் பாதையை மட்டும் அளக்கும். எச்சோதனையிலும் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றி, வந்த வேகத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்க.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்குகள் இணையாக ஓடுவதைக் கண்டு, இரண்டு பிரதிகள் இருப்பதாகச் சிலர் எண்ணுகின்றனர். ஒன்றில் தவறி அழித்தது மற்றொன்றிலும் அக்கணமே அழிந்துவிடும். ஆகவே வேகம் சீரான அன்றே வெளி டிஸ்க் ஒன்றில் மற்றொரு பிரதியை எடுத்து, அடுத்த முறை ஊருக்குப் போகும்பொழுது அங்குள்ள உறவினர் வீட்டு அலமாரியில் வைத்து வரலாம்.