பனி இல்லாத ஊருக்கு எந்த பேலன்ஸ் போர்டு?

(ஒலிபரப்பான எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பின கேள்வியை எடுத்துக்கலாம். காட்டூர்ல இருந்து எழுதியிருக்கார். போன பிப்ரவரியில நண்பர்களோட குல்மார்க் போய் நாலு நாள் ஸ்னோபோர்டு கத்துக்கிட்டாராம். மூணாவது நாள் விழுந்ததுல மணிக்கட்டு வீங்கிடுச்சு. ஆனா ஆசை விடல. அடுத்த பிப்ரவரிக்கு பத்து நாள் லீவு சொல்லி, இப்பவே காசு சேர்க்க ஆரம்பிச்சிட்டார். அவர் கேள்வி இதுதான்: "நடுவுல இருக்கிற மாசங்கள்ல வீட்டுலயே பயிற்சி பண்ண ஒரு பேலன்ஸ் போர்டு வாங்கணும். 3,000 ரூபாய் ஒதுக்கியிருக்கேன். ஆன்லைன்ல பார்த்தா பத்து விதம் இருக்கு. எதை வாங்குறது?"

சிரிக்காதீங்க. திருச்சிக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க, குல்மார்க் பக்கத்துலயே இருக்கிறவங்களுக்குக்கூட சீசன் டிசம்பர் கடைசியில இருந்து மார்ச் வரைக்கும்தான். நம்ம ஊர்க்காரருக்கு வருஷத்துல பத்தே நாள். மீதி 355 நாள் தரையில. திருச்சியில இருந்து விமானம் மாறி மாறி டெல்லி வழியா ஸ்ரீநகர், அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. இவ்வளவு செலவு பண்ணிப் போய், முதல் மூணு நாள் கால் நடுங்கறதுலயே போயிடுச்சுன்னா யாருக்கா இருந்தாலும் வயிறு எரியும்.

அதனால கேள்வி நியாயமானது. பதில் சொல்றதுக்கு முன்னாடி, ஸ்னோபோர்டு நம்ம உடம்புகிட்ட என்ன கேட்குதுன்னு பார்த்துடலாம். அது புரிஞ்சா எந்தப் பலகைன்னு நீங்களே சொல்லிடுவீங்க.

விரல் பக்கம், குதிகால் பக்கம்

ஸ்னோபோர்டுல பக்கவாட்டா நிக்கறோம். ஒரு கால் முன்னாடி, ஒரு கால் பின்னாடி, ரெண்டும் பலகையோட கட்டியிருக்கும். பலகையோட ரெண்டு நீள ஓரத்துலயும் இரும்பு விளிம்பு இருக்கு. ஒண்ணு உங்க கால்விரல் பக்கம், இன்னொண்ணு குதிகால் பக்கம். நிக்கறது, வேகம் குறைக்கறது, திரும்பறது எல்லாமே இந்த ரெண்டு விளிம்பை வச்சுதான். விரலை அழுத்தினா ஒரு பக்கம் வளையும், குதிகாலை அழுத்தினா மறுபக்கம் வளையும். ஒரு திருப்பம்னா என்ன? ஒரு விளிம்புல இருந்து இன்னொரு விளிம்புக்கு மாறறது. அவ்வளவுதான்.

புதுசா கத்துக்கறவங்க விழறதும் பெரும்பாலும் இங்கதான். பலகையைத் தட்டையா விட்டுடுவாங்க, சரிவுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற விளிம்பு டக்குனு பனியில மாட்டும், ஆள் குப்புறவோ மல்லாக்கவோ சாய்வாங்க. விழும்போது கை தன்னால நீளும். கை நீண்டா மணிக்கட்டு. ஸ்னோபோர்டு கத்துக்கறவங்களுக்கு அதிகமா அடிபடற இடங்கள்ல மணிக்கட்டு முக்கியமானது. நம்ம நேயருக்கு நடந்ததும் அதேதான்.

ஆக, பயிற்சிப் பலகைகிட்ட நாம கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நான் விரலை அழுத்தினா நீ சாய்வியா?"

கடையில இருக்கிற நாலு வகை

முதல் வகை, வட்டப் பலகை. அடியில அரைப் பந்து மாதிரி ஒரு குமிழ் இருக்கும். பிசியோதெரபி சென்டர்ல பார்த்திருப்பீங்க. எல்லாப் பக்கமும் சாயும். கணுக்கால் சுளுக்குனவங்களுக்கு, மறுபடி சுளுக்காம இருக்க இதுல பயிற்சி கொடுக்கறது ரொம்ப காலமா இருக்கிற, பலன் தெரிஞ்ச முறை. ஆனா அகலம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். ரெண்டு காலையும் ஒட்டி வச்சுதான் நிக்க முடியும். கணுக்காலுக்கு நல்லது. ஸ்னோபோர்டு நிலை இதுல வராது.

ரெண்டாவது, ரோலர் பலகை. ஒரு உருளை, அதுக்கு மேல ஒரு பலகை. சர்க்கஸ்ல பார்த்திருப்பீங்களே, உருளை மேல பலகை போட்டு ஏறி நின்னு பந்து தூக்கிப் போட்டுப் பிடிப்பாங்க, அதே சமாச்சாரம். 1950கள்லயே அமெரிக்காவுல 'போங்கோ போர்டு'னு வீட்டுக்கு வித்தாங்க. அப்புறம் அலைச்சறுக்கு ஆட்கள்கிட்ட பிரபலமாச்சு. வீடியோவுல பார்க்க ஜோரா இருக்கிறது இதுதான், அதனால ஆன்லைன்ல முதல்ல வர்றதும் இதுதான்.

ஆனா கவனிங்க. உருளை குறுக்க கிடக்கு, பலகை நீளவாக்குல உருளுது. அதாவது எடை முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவுல மாறுது. விரலை அழுத்தினா ஒண்ணும் நடக்காது, உருளை அந்தப் பக்கம் தாங்கிக்கும். அலைச்சறுக்குக்கு இந்த முன்-பின் மாற்றம் ரொம்பத் தேவை. ஸ்னோபோர்டுலயும் திருப்பத்தைத் தொடங்க முன்கால்ல எடை போடணும்தான். ஆனா நம்ம நேயர் விழுந்தது அதுல இல்லையே, விளிம்புல. நடுவுல பருத்து ஓரத்துல மெலிஞ்ச ரோலர்களும் உண்டு, அது ரெண்டு திசையிலயும் சாயும். புதுசா ஏறுறவங்களுக்கு அது ரொம்பக் கஷ்டம்.

மூணாவது, ராக்கர். ஆடுற மரக்குதிரைக்கு அடியில ரெண்டு வளைஞ்ச கால் இருக்கும்ல, அந்த மாதிரி பலகைக்கு அடியில வளைவு. ஒரே ஒரு திசையில மட்டும் ஆடும். அந்தத் திசையை விரல்-குதிகால் பக்கமா வச்சுக்கிட்டா, நமக்கு வேணும்கிறது அப்படியே கிடைச்சிடும்.

நாலாவது, காத்தடிச்ச ரப்பர் தட்டு. விலை ஆயிரம் ரூபாய்க்குள்ளயே வரும். நேரா அது மேல நிக்கலாம், இல்ல ஒரு பலகைக்கு அடியில வச்சும் நிக்கலாம். எல்லாப் பக்கமும் சாயும், ஆனா மெதுவா சாயும். தரையில வழுக்காது. பயம் இருக்கிறவங்களுக்கு நல்ல தொடக்கம்.

அளவு பார்க்கறது எப்படி

கடையில விக்கிற ராக்கர்ல நிறைய 40, 50 சென்டிமீட்டர்தான் இருக்கு. ஸ்னோபோர்டுல ரெண்டு காலுக்கும் நடுவுல சராசரி உயரக்காரருக்கு 50 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கும். தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம்னு வச்சுக்கோங்க. அதனால பலகை நீளம் குறைஞ்சது 75, 80 சென்டிமீட்டர் வேணும். அகலம் 30 போதும். பெட்டி மேல எத்தனை கிலோ தாங்கும்னு போட்டிருக்கும், உங்க எடையைவிட நல்லா கூடுதலா இருக்கணும். மேல்பரப்பு சொரசொரன்னு இருக்கணும்.

ரோலர்தான் வாங்குவேன்னு அடம்பிடிச்சா ரெண்டு விஷயம் பாருங்க. பலகைக்கு அடியில ரெண்டு முனையிலயும் தடுப்புக்கட்டை இருக்கணும், இல்லாட்டி பலகை உருளையை விட்டுப் பறந்துடும். உருளை குறுக்களவு சின்னதா இருக்கணும். உருளை பெருசானா உயரமும் கூடும், சாய்வும் கூடும்.

காட்டூர்லயே செய்யலாம்

இப்ப நல்ல சேதி. நமக்கு வேண்டிய நீள ராக்கர் ஆன்லைன்ல தேடறதைவிட, வீட்டுப் பக்கத்துல இருக்கிற மரவேலைப் பட்டறையில சொல்லிச் செய்யறது சுலபம். 18 மில்லிமீட்டர் பிளைவுட், தண்ணி தாங்கற ரகம், 80-க்கு 30 சென்டிமீட்டர். வீடுகளுக்கு கப்போர்டு அடிக்கிற இடத்துல வெட்டின துண்டாவே கிடைக்கும். அடியில ரெண்டு வளைஞ்ச கட்டை. ஒவ்வொண்ணும் பலகையோட அகலத்துக்கு, அதாவது 30 சென்டிமீட்டர் நீளம், நடுவுல 5 சென்டிமீட்டர் உயரம், ரெண்டு ஓரத்துக்கும் வளைஞ்சு இறங்கணும். ரெண்டையும் பலகையோட குறுக்கு வாட்டத்துல, உங்க கால் வர்ற இடத்துக்கு நேர் கீழே திருகு போட்டு இறுக்கணும். திருகுத் தலை மேல துருத்தக் கூடாது. ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க. இதுல நின்னா விரல் பக்கம், குதிகால் பக்கம் மட்டும்தான் ஆடும்.

ரோலரும் வேணும்னா போர்வெல்லுக்குப் போடற கனமான பிவிசி குழாய்த் துண்டு, 110 மில்லிமீட்டர். பாத்ரூம் கழிவுநீர்க் குழாய் வேண்டாம், அது மெலிசு, ஏறி நின்னா விரிசல் விடும்.

போடற இடம் முக்கியம். நம்ம வீடுகள்ல டைல்ஸ் தரை, பலகை வழுக்கும். தடிமனான ரப்பர் விரிப்பு போடுங்க. பக்கத்துல பீரோ, கண்ணாடி, கட்டில் முனை எதுவும் இருக்கக் கூடாது. காத்தாட இருக்கேன்னு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமா மட்டும் போட்டுடாதீங்க. முதல் வாரம் சுவரைத் தொட்டுக்கிட்டே நில்லுங்க.

பலகை என்ன செய்யாது

இதையும் சொல்லிடணும். சமநிலைப் பயிற்சி பத்தின ஆய்வுகள் பொதுவா காட்டறது என்னன்னா, எதுல பயிற்சி பண்றமோ அதுல நல்லா தேறுவோம், வேற ஒண்ணுக்கு அது கொஞ்சமாத்தான் போய்ச் சேரும். வீட்டுப் பலகையில அரை மணி நேரம் ஆடாம நிக்கிறவர் குல்மார்க்ல ராஜாவா இறங்கிடுவார்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வீட்டுல பலகை நகரவே இல்லை. அங்க நகருது, வேகம் இருக்கு, பயம் இருக்கு.

அதனால பலகையோட இன்னும் மூணு சேர்த்துக்கோங்க.

ஒண்ணு, தொடை. ஸ்னோபோர்டுல முழங்காலை மடக்கியே இறங்கணும், தொடை எரியும். நமக்குத்தான் மலைக்கோட்டை இருக்கே, 400-க்கும் மேற்பட்ட படி. ஏறுறது மூச்சுக்கு, இறங்குறது தொடைக்கு. கூட்டம் இல்லாத நேரமா பார்த்து, இறங்கும்போது அவசரப்படாம ஒவ்வொரு படியா கட்டுப்பாட்டோட இறங்குங்க. உடம்பைத் தாங்கிப் பிடிச்சு இறங்குற அந்த வேலைதான் பனிச்சரிவுலயும்.

ரெண்டு, நகர்ற பலகை. ஒரு ஸ்கேட்போர்டு, சமதரையில மெதுவா. இல்ல வருஷத்துல ஒரு தடவை கோவளமோ மாமல்லபுரமோ போய் அலைச்சறுக்கு. கோவளத்துல மீனவக் குடும்பத்துல இருந்து வந்த மூர்த்தி மேகவன் தொடங்கின பள்ளியில நிறைய பேர் கத்துக்கிட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்துச்சு, இந்தியாவோட ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார். பக்கவாட்டா நின்னு, நகர்ற ஒண்ணு மேல பயத்தை அடக்கறது எப்படின்னு பழக நமக்குக் கிட்ட இருக்கிறது கடல்தான்.

மூணு, விழறது. மெத்தை மேல பழகுங்க. முன்னாடி விழுந்தா விரலை விரிச்சு உள்ளங்கையை ஊணாம, கையை மூடி முன்னங்கை முழுசா படற மாதிரி. பின்னாடி விழுந்தா உட்கார்ற மாதிரி தாழ்ந்து, தாடையை நெஞ்சோட ஒட்டி, அப்படியே உருண்டு.

அப்ப 3,000 ரூபாய்க்கு?

நம்ம காட்டூர் நண்பருக்கு என் பதில்: பட்டறையில நீள ராக்கர் ஒண்ணு, காத்துத் தட்டு ஒண்ணு. மிச்சக் காசுக்கு நல்ல மணிக்கட்டுக் காப்பு ஒரு ஜோடி. ஆமா, பலகைக்குன்னு ஒதுக்கின காசுலதான் சொல்றேன். ஏற்கனவே வீங்கின மணிக்கட்டு அது. ரோலரை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

இப்பவே மணிக்கட்டு வலிச்சாலோ, முழங்கால் தசைநார்ல பழைய அடி இருந்தாலோ, தலைசுத்தல் வந்தாலோ, முதல்ல ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்க. மத்தவங்க வாரம் நாலு நாள், பத்துப் பத்து நிமிஷம். முதல்ல ரெண்டு காலும் தட்டையா ஆடாம நிக்கறது. அப்புறம் விரல் பக்கம் சாய்ஞ்சு அஞ்சு எண்றது, குதிகால் பக்கம் சாய்ஞ்சு அஞ்சு எண்றது. அப்புறம் முழங்காலை மடக்கி, பார்வையைக் காலுக்குக் கீழ விடாம, போற திசையில வச்சுக்கிட்டே மாறி மாறி. அப்புறம் எந்தக் கால் முன்னாடியோ அதை மாத்தி வச்சு மறுபடி முதல்ல இருந்து.

நவம்பர்ல நண்பர் ஒரு தகவல் அனுப்பணும், எத்தனை எண்ணிக்கை வரைக்கும் விரல் பக்கம் நிக்க முடியுதுன்னு. அதை அடுத்த கேள்வி-பதில் எபிசோட்ல சொல்றோம். உங்க ஊர்ல இதே மாதிரி பலகை செஞ்சவங்க இருந்தா அளவோட எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம், வணக்கம்.