மிளகாய் விதையும் நம்ம சேமிப்புதான்



வீட்டில் மிளகாய் வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் பேச என்ன இருக்குதுன்னு நினைப்பீங்க. களிக்குக் கீரை கடைந்தாலும் குழம்பு வைத்தாலும் மிளகாய் இல்லாமல் முடியாது. ஆனால் அது நம் நாட்டில் பிறந்த செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்து சுமார் 500 வருசம் ஆகுது. அதுக்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். வந்த செடி நம்ம செடி ஆனது எப்படி? நல்ல பழமாகப் பார்த்து எடுத்து, காய வைத்து, அடுத்த பட்டத்துக்குப் பத்திரப்படுத்தினதால்தான். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தது பொம்பளைங்க கைதான்.

இன்றைக்கு அந்த விதையைக் கடை பாக்கெட்டில் வாங்குகிறோம். வீரிய ஒட்டு விதை நல்லாவே காய்க்கும், குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாய்ச்செடி மாதிரியே வராது. செடிக்கு ஒரு குணம் இருக்கும். அதனால் விதை எடுக்க நாட்டு மிளகாயோ, கே1, கே2, பி.கே.எம்.1 மாதிரி பண்ணை ரகங்களோதான் சரி. கே என்றால் கோவில்பட்டி, பி.கே.எம். என்றால் பெரியகுளம்.

தை, ஆடி, புரட்டாசி மூன்றும் விதைக்க ஏற்ற பட்டம். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்து ஒரு பழைய தட்டில் போடுங்க. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேணும். விதையை அரை விரல் கணுவுக்கு மேல் ஆழம் போட வேண்டாம். பூவாளியில் தெளிச்சால் போதும். ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். 35, 40 நாளில் நாற்றைப் பிடுங்கி சிமெண்டு சாக்கிலோ உடைந்த குடத்திலோ சாயங்காலமாக நடுங்க. வெயில் நன்றாகப் படணும். ஆடிக் காற்றுக்கு ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்க. நட்டு இரண்டரை மாதத்தில் பச்சை மிளகாய் பறிக்கலாம்.

இலை சுருண்டால் திருப்பிப் பாருங்க. மேல் பக்கமாகச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ் பக்கமாக வளைந்தால் சிலந்திப்பேன். 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, வடிகட்டித் தெளிக்கலாம். செடி குட்டையாகி முழுக்கச் சுருங்கிப் போனால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சு நோய். பிடுங்கி அழிச்சிடணும். அதிலிருந்து விதை எடுக்கவே கூடாது.

விதைக்கென்று நன்றாகக் காய்க்கும் ஒரு செடியைக் குறித்து வையுங்க. பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். அதனால் மொட்டாக இருக்கும்போதே ஒரு கிளையில் மெல்லிய துணிப்பையைக் கட்டிடுங்க. காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வைக்கணும். செடியிலேயே நன்றாகப் பழுத்த பிறகு பறித்து, நிழலில் காய வைத்து, சாம்பல் கலந்து பாட்டிலில் மூடி, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்க.

இதில் எவ்வளவு மிச்சம் என்று கேட்பீங்க. பெரிய தொகை இல்லைதான். 1989-ல் ஐஃபாட் உதவியோடு நம் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கினபோதும் வாரா வாரம் போட்டது சின்னத் தொகைதான். அந்தச் சின்னத் தொகைதான் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்காமல் நம்மைக் காப்பாத்தியது. விதையும் அப்படித்தான். அது நம்ம கையில் இருந்தால், எதை நடணும், எப்போது நடணும் என்று நாமே முடிவு செய்யலாம். இல்லையென்றால் கடையில் என்ன இருக்குதோ அதுதான் நமக்கு.

அதனால் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் விதைக்கு ஒரு பக்கம் ஒதுக்கட்டும். 20 விதை வாங்கின உறுப்பினர், அறுவடை முடிந்ததும் 40 விதையாகத் திருப்பித் தரட்டும். ஜாமீன் வேண்டாம், வட்டிக் கணக்கு வேண்டாம். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போடுவோம்.