உள்ளே தொங்கட்டும், வெளியே ஊன்றட்டும்



வாஷிங் மெஷின் துணி பிழியும்போது ஏன் அப்படி ஆடுகிறது, அந்த ஆட்டத்தை உள்ளேயே எப்படி அடக்குகிறார்கள் என்பதைப் பற்றி இன்றைக்குப் பேசப்போகிறேன்.

1937-ல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனி வீட்டு உபயோகத்துக்கென்று ஒரு தானியங்கி மெஷினைக் கொண்டுவந்தது. முன்பக்கம் கதவு வைத்தது. துவைப்பது, அலசுவது, பிழிவது எல்லாம் ஒரே டிரம்முக்குள் நடந்துவிடும். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. மெஷினைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும். டிரம்மைத் தாங்கிக்கொள்ள உள்ளே ஸ்பிரிங் ஏற்பாடு கிடையாது. போல்ட் போடாவிட்டால், பிழியும்போது மெஷின் இருந்த இடத்தை விட்டு நகர ஆரம்பித்துவிடும்.

அப்படி எவ்வளவு பலம் வந்து இழுக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈர ஜீன்ஸ் ஒன்று சுருண்டு டிரம்மின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டது. மற்ற துணிகள் பரவிய பிறகும் அந்தப் பக்கம் அரை கிலோ கூடுதல். மையத்திலிருந்து அது 24 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. டிரம் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றுகிறது. இந்த அரை கிலோ வெளிப்பக்கமாக இழுக்கும் இழுப்பு, ஏறத்தாழ 190 கிலோ எடைக்குச் சமம். மெஷினின் மொத்த எடையே 60, 70 கிலோதான். அந்த இழுப்பு ஒரே பக்கமாக நிற்பதும் இல்லை. மேலே, பக்கவாட்டில், கீழே என்று நொடிக்கு 20 முறை சுற்றி வருகிறது.

இதைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது, இன்னும் கெட்டியாக இறுக்கிக் கட்டலாம் என்பதுதான். பெண்டிக்ஸ் செய்ததும் அதுவே. இறுக்கிக் கட்டினால் மெஷின் நகராது, உண்மை. ஆனால் அந்த 190 கிலோ இழுப்பு எங்கேயும் காணாமல் போகவில்லை. போல்ட் வழியாக அப்படியே தரைக்குப் போகிறது. தரை அதிரும், சுவர் அதிரும், கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

இதற்கான விடை வாஷிங் மெஷினுக்கு முன்பே, வேறொரு இடத்தில் கிடைத்திருந்தது. ஸ்வீடனில் குஸ்தாஃப் தெ லாவால் என்ற பொறியாளர் இருந்தார். பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் இயந்திரத்தால் பேர் பெற்றவர். 1880-களில் அவர் ஒரு நீராவி டர்பைன் செய்தார். அதன் சக்கரம் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓட வேண்டும். அவ்வளவு வேகத்தில் எள்ளளவு எடை ஏறுமாறாக இருந்தாலும் அச்சு தாங்காது. தடித்த அச்சு போடுவார் என்று எதிர்பார்ப்போம். அவர் போட்டது மெல்லிய, வளைந்து கொடுக்கிற அச்சு. குறிப்பிட்ட ஒரு வேகம் வரும்போது அது பலமாக ஆடும். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் சக்கரம் தானாகவே தன் எடை மையத்தைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி அமைதியாகச் சுழலும். 1869-ல் ராங்கின் என்ற பெரிய அறிஞர் அந்த வேகத்துக்கு மேல் எந்த அச்சும் நிலையாக ஓடாது என்று எழுதியிருந்தார். தெ லாவால் ஓட்டியே காட்டினார். ஏன் அப்படி ஓடுகிறது என்பதை ஜெஃப்காட் என்பவர் 1919-ல் தெளிவான கணக்காகத் தந்தார். பொறியியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் இது ஒன்று.

அந்தக் குறிப்பிட்ட வேகம் என்றேனே, அதை ஊஞ்சலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஊஞ்சல் தன் போக்கில் போய்வர ஒரு நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குச் சரியாக ஒத்துத் தள்ளினால், சிறு தள்ளலே போதும், ஊஞ்சல் உயர உயரப் போகும். அதைவிடப் பல மடங்கு வேகமாகப் படபடவென்று தட்டினால் ஊஞ்சல் பெரிதாக அசையாது.

இன்றைய ஃபிரண்ட் லோட் மெஷினில் டிரம்மும் அதைச் சூழ்ந்த தொட்டியும் வெளிப்பெட்டியோடு நேரடியாக முடுக்கப்படவில்லை. மேலே ஸ்பிரிங்குகளில் தொங்குகின்றன. ஸ்பிரிங் மென்மையாக இருப்பதால் இந்தத் தொங்கல் நொடிக்குச் சில தடவைதான் இயல்பாக ஆடக்கூடியது. டிரம் முழு வேகத்தில் நொடிக்கு 20 சுற்று சுற்றும்போது, தொட்டியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஆட முடிவதில்லை. தொட்டி, மோட்டார், துணி எல்லாம் சேர்த்து 50 கிலோ என்று வைத்துக்கொண்டால், அரை கிலோ ஏறுமாறுக்குத் தொட்டி இரண்டரை மில்லிமீட்டர்தான் இப்படியும் அப்படியும் அசையும். 190 கிலோ இழுப்பு அந்தக் கனத்தை அசைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. ஸ்பிரிங் வழியாகப் பெட்டிக்கும் தரைக்கும் போவது சிறு பங்குதான். மெஷினைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கான்கிரீட் கட்டி ஒன்று வைத்திருப்பார்கள். கனம் கூடக்கூட அசைவு குறையும் என்பதற்காகத்தான் அது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. முழு வேகத்துக்குப் போகும் வழியில் அந்த ஊஞ்சல் வேகத்தைக் கடந்தே ஆக வேண்டும். அங்கேதான் தொட்டி பெட்டியில் இடிக்கப் பார்க்கும். அதற்காகக் கீழே ஷாக் அப்சார்பர் வைக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் கிரீஸ் ஊறிய ஸ்பாஞ்சு, அதில் உரசிக்கொண்டு போய்வரும் ஒரு தண்டு. அவ்வளவுதான். ஆனால் இந்த உரசல் அதிகமானால், அதுவே அதிர்வைத் தரைக்குக் கடத்தும் பாலமாகிவிடும். மெதுவான வேகத்தில் பிடி வேண்டும், அதிவேகத்தில் பிடி கூடாது. இந்த இரண்டையும் ஒரே பொருளில் சமாளிப்பதில்தான் வடிவமைப்பவரின் கைத்திறன் தெரியும்.

டாப் லோட் மெஷினில் தொட்டி நான்கு மூலைகளிலிருந்து நான்கு சஸ்பென்ஷன் ராடுகளில் தொங்குகிறது. கூடையின் மேல் விளிம்பில் ஒரு வளையம் இருக்கும். கையால் கூடையை ஆட்டினால் உள்ளே சலசலவென்று சத்தம் கேட்கும். அது உப்பு நீர். ஊஞ்சல் வேகத்தைத் தாண்டிய பிறகு, துணி கனமாக இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அந்த நீர் தானாகப் போய்ச் சேர்ந்து சமன் செய்கிறது. அந்த வேகத்துக்குக் கீழே இது உதவாது. நீரும் கனமான பக்கத்துக்கே போய்விடும். தெ லாவாலின் டர்பைனில் நடந்த அதே சங்கதி நம் வீட்டுக் கூடையிலும் நடக்கிறது.

இனி வீட்டுக் காரியத்துக்கு வருவோம். புது ஃபிரண்ட் லோட் மெஷின் வரும்போது, வண்டியில் தொட்டி ஆடி உடையாமல் இருக்கப் பின்பக்கம் மூன்று நான்கு நீள போல்ட்டுகள் போட்டிருப்பார்கள். ட்ரான்சிட் போல்ட் என்பது அதன் பெயர். ஓட்டுவதற்கு முன் அதைக் கட்டாயம் கழற்ற வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் நம் மெஷினும் 1937 மெஷினும் ஒன்றுதான். கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள். வீடு மாறும்போது திரும்பப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

அடுத்தது தரை. நம் வீடுகளில் மெஷின் பெரும்பாலும் பாத்ரூம் பக்கமோ பால்கனியிலோ இருக்கும். தண்ணீர் ஓட அங்கே வாட்டம் வைத்திருப்பார்கள். அதனால் நான்கு காலும் சமமாக ஊன்றாது. மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்துக் காலைத் திருகிச் சரிசெய்து, லாக் நட்டை முடுக்க வேண்டும். எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்தினால் பெட்டி துளியும் ஆடக்கூடாது. உள்ளே இருப்பது தாராளமாகத் தொங்க வேண்டும், வெளியே இருப்பது அழுத்தமாக ஊன்ற வேண்டும். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஃபிரண்ட் லோட் மெஷினை நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கனமான மெத்து ரப்பரைக் காலுக்கு அடியில் வைப்பதும் அப்படியே. பெட்டியே ஒரு ஊஞ்சலாகிவிடும். டைல்ஸில் வழுக்காமல் இருக்க மெல்லிய கெட்டி ரப்பர் போதும்.

துணி போடுவதிலும் கவனம் வேண்டும். ஒரே ஒரு கால்மிதியையோ ஒரே ஒரு போர்வையையோ தனியாகப் போட்டால் அது உருண்டை கட்டிக்கொள்ளும். நல்ல மெஷின் பிழிவதற்கு முன் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் மோட்டார் வேகம் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கும். ஏறுமாறு தெரிந்தால் துணியை உதறிவிட்டு மறுபடி முயலும். நேரம் ஏன் குறையவே இல்லை என்று நாம் அலுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மழைக்கோட்டு, தண்ணீர் புகாத மெத்தை உறை இவற்றை ஸ்பின்னில் போடவே வேண்டாம். உள்ளே தேங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் ஒரு பக்கமாகத் திரளும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் ஏறத்தாழ 28 லட்சம் டாப் லோட் மெஷின்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியிட்டது. அதிர்வு மிகுந்து மேல்பகுதியே கழன்று வரக்கூடும் என்பது காரணம். போர்வைகளுக்கும் நீர் புகாத துணிகளுக்கும் குறைந்த வேகத்தையே பயன்படுத்தச் சொன்னார்கள்.

பழைய மெஷின் புதிதாக ஆட ஆரம்பித்தால் ஒரு சோதனை செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரம்மைக் கையால் கீழே அழுத்தி விடுங்கள். ஒரு தரம் மேலே வந்து நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் துள்ளிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பரிலோ ராடிலோ கிரீஸ் காய்ந்து பிடி போய்விட்டது. டாப் லோட் மெஷின் என்றால் நான்கு ராடையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். தேய்ந்த மூன்றோடு புதிய ஒன்றைக் கோத்தால் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். சில மாடல்களில் முன் ராடும் பின் ராடும் வேறு வேறு, ஸ்பிரிங்கின் கடினத்தில் வித்தியாசம் இருக்கும். மெக்கானிக் கழற்றும்போதே எது எந்த மூலை என்று ஸ்கெட்ச் பேனாவால் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.