நீரில் ஓர் ஒத்திகை



கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் ரப்பர்த் தோட்டத்து நேயர்கள் நன்கறிந்த செய்தியொன்றைக் கூறித் தொடங்குகிறேன். பால்வெட்டப் பழகுபவரிடம் நல்ல இளமரத்தை ஒப்படைப்பாரில்லை. தறிக்கப்படவிருக்கும் முதுமரத்திலேயே அவர் கத்தி பிடித்துப் பழகுகிறார். கத்தி பட்டையைக் கடந்து ஆழ்ந்துவிட்டால் மரம் காயப்படும்; புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்.

மரத்துக்கே இத்துணை எச்சரிக்கை வேண்டுமெனில், மனித இதயத்துக்கு எத்துணை வேண்டும்?

நெருக்கமான லயங்களில் தொண்டை நோய் எளிதிற் பரவும். அதனைத் தொடர்ந்து சிறார்க்கு வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வுகளைக் கெடுப்பதுண்டு. அவற்றைச் சீராக்கக் கொழும்புக்கோ கண்டிக்கோ செல்லும் நோயாளி சத்திரசிகிச்சை நிபுணரை அறிவார்; இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவரை அறியார். இதயம் நிறுத்தப்பட்டிருக்கும் வேளையில் உயிர் இவர் கையிலும் இருக்கிறது.

1953 மே 6ஆம் நாள் பிலடெல்பியாவில் மருத்துவர் ஜோன் கிப்பன், 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதயத்துளையை அடைத்தபோது, 26 நிமிடங்கள் இதயத்தின் பணியையும் நுரையீரலின் பணியையும் இத்தகைய இயந்திரமே செய்தது. உடலிலிருந்து வடியும் குருதி ஒரு கலத்திற் சேர்கிறது. பம்பு அதனை ஒட்சிசனேற்றும் கருவி வழியாகப் பெருநாடிக்குச் செலுத்துகிறது. வளர்ந்தவர்க்கு இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 லீற்றர். அந்த வேகத்திற் கலம் வற்றிப் பம்பு காற்றை இழுக்கச் சில வினாடிகளே போதும். காற்று மூளையை அடைந்தால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்விபத்து அரிது. அந்த அருமையே பயிற்சிக்கு இடையூறு. மூத்தவர் அருகே ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்தும் மாணவர் அதனைக் காணாதிருக்கலாம். ஆகவே வேண்டுமென்றே அதனை உண்டாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. நோயாளிக்குப் பதிலாக நீர் நிரம்பிய பையொன்றைக் குழாய்களுடன் இணைக்கிறார்கள். நோயாளியின் குருதியோட்டத்தைக் கணினியாற் போலச்செய்யும் ஓர்பியஸ் போன்ற கருவிகளும் உண்டு, விலை அதிகம். பழகத் தொடங்குவோர்க்கு நீர்ப்பையே பெரும்பாலும் போதும் என்பது என் எண்ணம்.

ஆசிரியர் சொல்லாமல் ஒரு குழாயை இறுக்குவார். கலத்தின் மட்டம் இறங்கும். மாணவர் பம்பை உடனே தணிக்கிறாரா, சத்திரசிகிச்சை நிபுணருக்கு உரக்க அறிவிக்கிறாரா என்று கவனிப்பார். மற்றொரு நாள் மின்சாரத்தை நிறுத்துவார். அப்போது கைப்பிடியைப் பூட்டிப் பம்பைச் சுழற்ற வேண்டும். திசை மாறினால் குருதி பின்னோக்கி இழுபடும்! பிறகு அனைவரும் அமர்ந்து, யார் எப்போது என்ன செய்தார் என்று பேசுவர். கைப்பிடி எங்கே இருக்கிறதென்பதைக் கை இருளிலும் அறிய வேண்டுமாதலால், அறை விளக்கையும் அணைத்தே பழக்குதல் நன்று.