காணாத கற்றையை நிறுத்துப் பார்த்தல்



நியூத்திரினோ பற்றிப் பேசும்படி கேட்டீர்கள். புறக்கோட்டையிலிருந்தே தொடங்குகிறேன். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டையை லொறியில் ஏற்றுமுன் நிறுத்து, துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் துண்டு இல்லாவிட்டால், யாழ்ப்பாணத்தில் இறக்கும்போது எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் பேசப்போவது அந்தத் துண்டைப் பற்றித்தான்.

நியூத்திரினோவுக்கு மின்னேற்றம் இல்லை. பூமியையே ஊடறுத்துப் போய்விடும். 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த அந்த ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூத்திரினோக்களின் தடயம் கிடைத்தது. வானம் தரும்வரை அங்கே காத்திருக்க வேண்டும். ஆர்முடுக்கி இருந்தால் நாமே கற்றையாக அனுப்பலாம். அமெரிக்காவின் புரூக்ஹேவனில் 1962இல் அதைச் செய்து காட்டியிருந்தார்கள்.

இன்று ஜப்பானில், டோக்காயிலிருந்து 295 கிலோமீற்றர் தள்ளியுள்ள கமியோக்காவுக்கு ஒரு கற்றை போகிறது. புரோத்தன்கள் ஒரு காரீயக் கோலில் மோதுகின்றன. நமது போகலைச் சுரங்கத்தில் எடுக்கிறார்களே, அதே வகைப் பொருள்தான். மோதலில் பயோன் என்னும் துணிக்கைகள் சிதறுகின்றன. அவற்றுக்கு மின்னேற்றம் உண்டு. ஆகவே காந்தப்புலத்தால் ஒருமுகப்படுத்தலாம். பறக்கும் வழியில் அவை சிதைந்து மியூவோன் நியூத்திரினோக்களைத் தருகின்றன.

எத்தனை தருகின்றன? பிள்ளையை எண்ண முடியாவிட்டால் தாயை எண்ண வேண்டும். ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் அதே அளவான காரீயக் கோலில் புரோத்தன்களை மோதவிட்டு, வெளிவந்த பயோன்களை எண்ணினார்கள். கற்றையின் கணக்கில் சுமார் 10 வீதமாக இருந்த நிச்சயமின்மை ஏறத்தாழ 5 வீதமாகக் குறைந்தது. டோக்காயில் 280 மீற்றர் தூரத்தில் நிற்கும் இன்னோர் உணர்கருவி, கற்றை மாறத் தொடங்குமுன்பே அந்தக் கணக்கைச் சரிபார்க்கிறது.

இவ்வளவும் எதற்கு? 2013இல் கமியோக்காவில் இலத்திரன் நியூத்திரினோ போலத் தெரிந்த 28 நிகழ்வுகளை அறிவித்தார்கள். ஒருவகை நியூத்திரினோ இன்னொரு வகையாக மாறாவிட்டால் சுமார் 5தான் வந்திருக்க வேண்டும். 28ஐக் கருவி காட்டியது. 5ஐக் கணக்குத்தான் காட்டியது. அந்த 5 பிழையென்றால் கண்டுபிடிப்பே இல்லை.

இப்போது, எதிர்நியூத்திரினோ வேறுவிதமாக மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். பிரபஞ்சத்தில் சடப்பொருள் மட்டும் ஏன் எஞ்சியது என்ற கேள்விக்கு அது ஒரு வழி திறக்கக்கூடும். அங்கே துண்டில் விழும் சிறு பிழையும் விடையைப் புரட்டிவிடும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தங்கைமாரே, பரிசோதனைக் கொப்பியில் விடைக்குப் பக்கத்தில் வழுவை எழுதச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். உலகின் பெரிய ஆய்வுகூடங்களில் நூற்றுக்கணக்கானோர் வருடக்கணக்காகச் செய்வது அந்த ஒரு வரியைத்தான்.